கிணற்று நீச்சலிலிருந்து லேனுக்கு: சேலத்தில் பிள்ளையை நீச்சல் அணியில் சேர்ப்பது எப்படி

சேலத்தைச் சுற்றி நீச்சல் தெரிந்த பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம், ஓமலூர் பக்கம் இன்றைக்கும் இடுப்பில் சுரைக்குடுக்கையோ காலி கேனோ கட்டிக் கிணற்றில் இறக்கிவிட்டு, நாலாம் நாள் அதை அவிழ்த்துவிடும் தாத்தாக்கள் இருக்கிறார்கள். டவுனுக்குள் இருப்பவர்கள் கோடை விடுமுறையில் பத்துப் பன்னிரண்டு நாள் பேட்ச்சில் சேர்த்துவிடுகிறார்கள். இந்த இரண்டு வகைப் பிள்ளைகளும் அணித் தேர்வுக்கு வந்து, பாதிக் குளத்தில் லேன் (நீந்தும் தடம்) கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நிற்பது சகஜம். கை கால் வலு இல்லாமல் அப்படி நிற்பதில்லை. தண்ணீருக்குள் மூச்சை விடத் தெரியாததால் நிற்கிறார்கள்.

7 வயது முதல் 16 வயது வரை உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு இந்தக் குறிப்புகள். பிள்ளைக்கு ஓரளவு நீந்தத் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதியிருக்கிறோம்.

வகுப்பு வேறு, அணி வேறு

நீச்சல் கற்றுத்தரும் பேட்ச் முடிந்ததும் சான்றிதழ் கொடுப்பார்கள். அது அணியில் சேர்ந்ததற்கான சான்று அல்ல. அணி என்றால் வாரத்துக்கு நாலு முதல் ஆறு நாள் பயிற்சி, எத்தனை மீட்டர் நீந்தினார்கள் என்ற கணக்கு, போட்டிக்குப் பெயர் அனுப்ப ஒரு அமைப்பு, இந்த மூன்றும் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் நீங்கள் மாதக் கட்டணம் கட்டிக் குளிக்க அனுப்புகிறீர்கள் என்றுதான் அர்த்தம்.

சேலத்தில் விசாரிக்கத் தொடங்க நல்ல இடம், மகாத்மா காந்தி விளையாட்டு மைதானத்தில் உள்ள தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் நீச்சல் குளம். மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் கேட்டால் எந்தப் போட்டிக்கு யார் வழியாகப் போக வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். இது தவிர சில பள்ளிகளிலும் தனியார் குளங்களிலும் அணிப் பயிற்சி நடக்கிறது. எங்கே போனாலும் கட்டணத்தைக் கேட்பதற்கு முன்னால் இவற்றைக் கேளுங்கள்:

- இந்த அணி மாவட்ட நீச்சல் சங்கத்தில் பதிவு பெற்றதா? போட்டிக்கு எந்தப் பெயரில் பிள்ளையை அனுப்புவீர்கள்?
- குளம் 25 மீட்டரா, 50 மீட்டரா, அதற்கும் குறைவா? ஆழம் எங்கே எவ்வளவு?
- ஒரு கோச்சுக்கு எத்தனை பிள்ளைகள்? உயிர்காப்பாளர் தனியாக இருக்கிறாரா, கோச்சேதான் அந்த வேலையையும் பார்க்கிறாரா?
- குளத்துக் கட்டணமும் பயிற்சிக் கட்டணமும் சேர்ந்ததா, தனித்தனியா? போட்டி நுழைவுக் கட்டணம் யார் பொறுப்பு?

நாலாவது கேள்வியைக் கேட்காமல் விட்டவர்கள் இரண்டாம் மாதம் வருத்தப்படுகிறார்கள். மூன்றாவது கேள்விக்கு 'நானே பார்த்துக்குவேன்' என்று பதில் வந்தால் யோசியுங்கள். இருபது பிள்ளைகளின் ஸ்ட்ரோக்கைக் கவனிக்கும் ஆளால், சத்தமில்லாமல் மூழ்கும் ஒரு பிள்ளையைக் கவனிக்க முடியாது. மூழ்குகிற பிள்ளை கத்தாது, கையை ஆட்டாது. வாய் தண்ணீர் மட்டத்துக்கு வந்து போய்க்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

தண்ணீரையும் நீங்களே பார்த்துவிடலாம். ஆழமான முனையில் நின்று எட்டிப் பாருங்கள். அடியில் உள்ள வடிகால் மூடியின் கம்பிகள் தெளிவாகத் தெரிய வேண்டும். மங்கலாகத் தெரிந்தால், அடியில் ஒரு பிள்ளை கிடந்தாலும் தெரியாது. குளோரின் அளவு 1 முதல் 3 பி.பி.எம்., பி.எச். (அமில-காரத் தன்மை) 7.2 முதல் 7.6 வரை இருப்பது நல்லது. நன்றாக நடத்தும் குளத்தில் இதைத் தினமும் ஒரு நோட்டில் எழுதுவார்கள், கேட்டால் காட்டுவார்கள். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: மூக்கைத் துளைக்கும் 'குளோரின் வாடை' சுத்தமான குளத்தின் அடையாளம் அல்ல. குளோரின், வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாகும் குளோரமைன்களின் வாடை அது. வாடை கூடுதலாக இருந்தால் பிள்ளைகள் குளிக்காமல் இறங்குகிறார்கள் அல்லது தண்ணீருக்குள்ளேயே சிறுநீர் கழிக்கிறார்கள்.

தேர்வுக்கு முந்தைய நாலு வாரம்

தேர்வில் பெரும்பாலும் கேட்பது இவ்வளவுதான்: சுவரைப் பிடிக்காமல் 25 அல்லது 50 மீட்டர் ஃப்ரீ ஸ்டைல், மல்லாந்து அரை நிமிடம் மிதப்பது, ஆழத்தில் நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் தலையை மேலே வைத்திருப்பது, கரையிலிருந்து குதித்துத் திரும்பி வந்து சுவரைத் தொடுவது. வேகத்தை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. வேகத்தை ஒரு வருடத்தில் கொண்டுவந்துவிடலாம் என்பது கோச்சுகளுக்குத் தெரியும். அவர்கள் பார்ப்பது மூன்று: மூச்சு, தலை இருக்கும் நிலை, சொன்னதைக் காதில் வாங்குகிறதா என்பது.

மூச்சைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு நீந்துகிற பிள்ளை, தலையைத் திருப்பும் அந்த அரை விநாடிக்குள் பழைய காற்றை விட்டு, புதுக் காற்றை இழுக்கப் பார்க்கிறது. இரண்டும் முடியாது. நாலு முறை அரைகுறையாக இழுத்தபின் நுரையீரல் நிறையக் கழிவுக் காற்று தங்கிவிடுகிறது, நெஞ்சு அடைக்கிறது, நின்றுவிடுகிறது. 'ஸ்டாமினா இல்லை' என்று பெற்றோர் பூஸ்ட் வாங்குகிறார்கள்.

இதற்கான பயிற்சி குளத்தின் ஓரத்திலேயே முடிந்துவிடும். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று விளிம்பை இரண்டு கையாலும் பிடிக்கச் சொல்லுங்கள். நெற்றி வரை முகம் உள்ளே போக வேண்டும். கண் குளத்தின் தரையைப் பார்க்க வேண்டும். மூக்காலும் வாயாலும் சேர்ந்து மெதுவாகக் காற்றை விட வேண்டும், மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. குமிழி சீராக வர வேண்டும். ஒரே 'புஸ்' என்று வந்தால் வேகமாக விட்டுவிட்டது. நாலாவது எண்ணில் தலையைத் தூக்காமல் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். ஒரு காதும் நீச்சல் கண்ணாடியின் ஒரு பக்கமும் தண்ணீருக்குள்ளேயே இருக்கும், வாயின் ஓரம் மட்டும் வெளியே. வாயால் இழுத்துவிட்டு முகத்தைத் திரும்ப உள்ளே வைக்க வேண்டும். 20 முறை ஒரு சுற்று, ஒரு நாளைக்கு மூன்று சுற்று. முதல் வாரம் இதைத் தவிர வேறொன்றும் செய்யாவிட்டாலும் நஷ்டமில்லை. குளம் பக்கத்தில் இல்லையா? அகலமான வாளியில் தண்ணீர் நிரப்பி, பெரியவர் யாராவது கூடவே நின்று இதைச் செய்ய வைக்கலாம்.

கிணற்றில் கற்ற பிள்ளைகளுக்கு இன்னொரு பழக்கத்தை மாற்ற வேண்டியிருக்கும். கிணற்றில் சுவரும் படியும் ஆளும் எங்கே என்று பார்க்கத் தலையைத் தூக்கியே நீந்துவார்கள். அங்கே அதுதான் சரி. லேனில், தலை தூக்கினால் இடுப்பு இறங்கும், இடுப்பு இறங்கினால் கால் பள்ளத்தில் இழுபடும். குளத்தின் அடியில் ஒவ்வொரு லேனுக்கும் நடுவே கருப்புக் கோடு இருக்கும். அந்தக் கோட்டையே பார்த்து நீந்தச் சொல்லுங்கள். தலை தானாக இறங்கிவிடும். அந்தப் பிள்ளைகளிடம் பேட்ச் பிள்ளைகளிடம் இல்லாத ஒன்றும் உண்டு: ஆழத்தைக் கண்டு பயமில்லை. நல்ல கோச் அதை உடனே கவனித்துவிடுவார்.

இரண்டாம் வாரம் உதை. கிக் போர்டை (மிதக்கும் பலகையை) நீட்டிப் பிடித்து 25 மீட்டர், நாலு முறை. உதை இடுப்பிலிருந்து வர வேண்டும். முழங்காலை மடக்கி சைக்கிள் மிதிப்பதுபோல் உதைத்தால் தண்ணீர் நிறையத் தெறிக்கும், ஆள் நின்ற இடத்திலேயே இருப்பான். பாதம் நீண்டு, கணுக்கால் தளர்வாக இருக்க வேண்டும். மூன்றாம் வாரம் கையும் மூச்சும் சேர்ந்து: மூன்று கைவீச்சுக்கு ஒரு மூச்சு, முடியாவிட்டால் இரண்டுக்கு ஒன்று. நாலாம் வாரம் 25 மீட்டரை நிற்காமல், மெதுவாக, ஒரு நாளைக்கு ஆறு முறை. மெதுவாக என்பதைக் கெட்டியாகப் பிடியுங்கள். தேர்வன்று பிள்ளைகள் முதல் 15 மீட்டரைப் பறந்துவிட்டுத்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒன்றை மட்டும் செய்யவே வேண்டாம்: யார் அதிக நேரம் தண்ணீருக்குள் மூச்சடக்குவது என்ற பந்தயம். வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டு முங்கினால், மூச்சு முட்டுகிற உணர்வு வருவதற்கு முன்பே மயக்கம் வந்துவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படித்தான் ஆழம் குறைந்த குளத்திலும் போய்விடுகிறார்கள்.

என்னென்ன வாங்க வேண்டும்

நீச்சல் உடை பாலியஸ்டரில் இருக்கட்டும். லைக்ரா அதிகம் கலந்தது கடையில் வழுவழுவென்று நன்றாக இருக்கும்; தினமும் குளோரினில் நனைந்தால் சில மாதத்தில் தொய்ந்து, பின்பக்கம் வலைபோல் ஆகிவிடும். பையன்களுக்கு முழங்கால் வரை வரும் ஜாமர், பெண் பிள்ளைகளுக்கு முதுகில் பட்டை குறுக்கே போகும் ஒற்றை உடை, அல்லது முழங்கால் வரை நீண்டது. உடை இறுக்கமாகவே இருக்க வேண்டும். 'வளர்ற பிள்ளை' என்று ஒரு சைஸ் கூட்டி வாங்கினால் டைவ் அடிக்கும்போது உள்ளே தண்ணீர் புகுந்து பை மாதிரி இழுக்கும். பருத்தி டீ-ஷர்ட்டும் உள்ளாடையும் போட்டு இறங்க விடமாட்டார்கள்; அதன் நூல் பில்டரை அடைக்கிறது.

கண்ணாடியில்தான் பணம் வீணாகிறது. விலை பார்த்து வாங்காதீர்கள், முகத்தைப் பார்த்து வாங்குங்கள். பட்டையைத் தலையில் மாட்டாமல் கண்ணாடியை மட்டும் கண் குழியில் வைத்து லேசாக அழுத்திக் கையை எடுங்கள். இரண்டு மூன்று விநாடி அப்படியே ஒட்டி நின்றால் அந்த அளவு பிள்ளைக்குப் பொருந்துகிறது. உடனே விழுந்தால் பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் தண்ணீர் வரும். கண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையமும் தலைவலியும்தான் மிச்சம். மூக்குப் பாலம் மாற்றக்கூடிய மாதிரி என்றால் இன்னும் நல்லது. பட்டை காதுக்கு மேலே, பின்தலையின் உச்சிப் பக்கம் போக வேண்டும். உள்பக்கத்தை விரலால் துடைத்தால் பனி படியாமல் தடுக்கும் பூச்சு போய்விடும். வெறும் தண்ணீரில் அலசி நிழலில் காயவிட்டால் போதும். திறந்த குளத்தில் மாலைப் பயிற்சி என்றால் கருமை பூசியது, விடியற்காலை என்றால் நிறமில்லாதது.

தொப்பி சிலிக்கான். தலைமுடி நீளமான பெண் பிள்ளைகளுக்கு நீளமுடிக்கென்றே பின்பக்கம் புடைத்த தொப்பி கிடைக்கிறது. முடியை உயரமாகக் கொண்டை போட்டு, தொப்பியை முன்னெற்றியிலிருந்து பின்னால் இழுங்கள். இங்கே நம் வீட்டு வழக்கம் ஒன்று குறுக்கே வரும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிட்டு, சீயக்காய் சரியாகப் போகாத தலையோடு பயிற்சிக்கு அனுப்புவார்கள். தொப்பி வழுக்கிக்கொண்டே இருக்கும், குளத்தின் ஓரத்தில் பிசுபிசுவென்று ஒரு கோடு படியும், கோச் திருப்பி அனுப்புவார். எண்ணெய்க் குளியலை விடுமுறை நாளுக்கு மாற்றுங்கள். இறங்குவதற்கு முன் தலையை நல்ல தண்ணீரில் முழுக்க நனைத்துவிட்டால் முடி குளோரின் தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது.

கிக் போர்டு, புல் பாய் (கால்களுக்கு இடையில் வைக்கும் மிதவை), கையில் மாட்டும் துடுப்பு எல்லாம் கோச் சொன்ன பிறகு. துடுப்பு மாட்டிவிட்டால் சீக்கிரம் வலு வரும் என்று பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்கித்தருகிறவர்கள், தோள்பட்டை வலியையும் சேர்த்து வாங்கித்தருகிறார்கள்.

காகிதங்கள்

பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளியில் வாங்கிய போனஃபைட், மருத்துவச் சான்று, பாஸ்போர்ட் அளவு போட்டோ. பட்டியல் சின்னது, சிக்கல் பெயரில். பிறப்புச் சான்றிதழில் பிள்ளை பெயரே இல்லாமல் 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருப்பது இன்றைக்கும் உண்டு. பிறப்பு பதிவான இடத்தில், மாநகராட்சி என்றால் மாநகராட்சி அலுவலகத்தில், பதிவு செய்த நாளிலிருந்து 15 ஆண்டுக்குள் தாமதக் கட்டணம் கட்டிப் பெயரைச் சேர்க்கலாம். ஆதாரில் இனிஷியல் பின்னால், பள்ளியில் முன்னால், சான்றிதழில் அப்பா பெயர் முழுதாக என்று மூன்று விதமாக இருந்தால், ஆன்லைன் பதிவில் திரும்பத் திரும்ப நிராகரிப்பு வரும். போட்டி அறிவிப்பு வந்தபின் இதைத் திருத்த ஓடினால் கடைசித் தேதிக்குள் முடியாது. சேர்ந்த மாதமே உட்கார்ந்து மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

போட்டிக்குப் போக வழி ஒன்றல்ல. பள்ளி வழி: உடற்கல்வி ஆசிரியர் பெயர் கொடுப்பார், 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று பிரிவு, மாவட்டத்தில் வென்றால் மாநிலம். சங்கத்தின் வழி: மாவட்டச் சங்கம், மாநிலச் சங்கம், அங்கிருந்து இந்திய நீச்சல் கூட்டமைப்பின் வயதுப் பிரிவுப் போட்டிகள். இதற்குக் கூட்டமைப்பின் தனி அடையாள எண் வாங்க வேண்டும். வயதை டிசம்பர் 31 கணக்கில் பார்ப்பதால், டிசம்பரில் பிறந்த பிள்ளை தன்னைவிடப் பதினோரு மாதம் மூத்தவர்களோடு மோதும். முதல் வருடம் பின்தங்கினால் கலங்க வேண்டாம். மூன்றாவதாக முதலமைச்சர் கோப்பை, இதற்கு ஆன்லைனில் தனியாகப் பதிய வேண்டும். மூன்றிலும் ஒரே பிள்ளை கலந்துகொள்ளலாம். ஒன்றில் பதிந்துவிட்டால் மற்றவை தானாக வரும் என்று நினைத்துக் கோட்டைவிடுகிறவர்களே அதிகம்.

விளையாட்டு ஒதுக்கீடு பற்றி முதல் நாளே கேட்பவர்கள் உண்டு. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள் இருக்கின்றன, அரசு வேலையில் 3 சதவீதம் இருக்கிறது. ஆனால் அங்கீகரித்த போட்டிகளின் சான்றிதழ்தான் செல்லும். ஊருக்கு ஊர் நடக்கும் அழைப்புப் போட்டிகளின் பளபளப்பான கோப்பைகள் ஷோகேஸுக்கு மட்டும்.

உடம்பு விஷயத்தில் மறைக்கக் கூடாதவை

காதில் சீழ் வடிகிறது, செவிப்பறையில் ஓட்டை இருக்கிறது என்றால் காது-மூக்கு-தொண்டை மருத்துவர் சரி என்று சொல்லும்வரை இறங்கக் கூடாது. வலிப்பு வந்த பிள்ளை என்றால் கோச்சுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். 'சொன்னா சேர்த்துக்க மாட்டாங்க' என்று மறைப்பது உயிரோடு விளையாடுவது. வீசிங் உள்ள பிள்ளை நீந்தலாம். இன்ஹேலர் பையில் அல்ல, குளக்கரையில் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். வயிற்றுப்போக்கு இருந்தால் லீவு, நின்ற பிறகும் சில நாள் லீவு. மாதவிடாய் நாட்களில் டாம்பன் அல்லது கப் வைத்து நீந்தலாம். பழக்கமில்லாத பிள்ளைக்கு அன்று கரையில் உடற்பயிற்சி. இதைப் பேசப் பெண் பயிற்சியாளரோ உதவியாளரோ இருக்கிறாரா என்று சேரும்போதே கேட்டுவிடுங்கள்.

நீந்தி முடித்ததும் தலையை இரண்டு பக்கமும் சாய்த்துக் காதுத் தண்ணீரை வடிய விடுங்கள், துண்டின் நுனியால் வெளிக்காதைத் துடையுங்கள். பட்ஸ் வேண்டாம், அது தோலைக் கீறி, ஈரமான கீறலில் கிருமி சேர்ந்து காது வலியில் கொண்டுபோய் விடும்.

உடை மாற்றும் அறைக்குள் செல்போன் யாருக்கும் அனுமதி இல்லை என்பது விதியாக இருக்க வேண்டும். கோச் பிள்ளையோடு தனியாகச் செய்தி அனுப்பிக்கொள்வது, கதவு மூடிய அறையில் தனியாகப் பேசுவது இரண்டையும் நல்ல கோச்சே தவிர்ப்பார். பெற்றோர் உட்கார்ந்து பார்க்கக் கூடாது என்று சொல்லும் இடத்தில் சேர்க்காதீர்கள். ஏதாவது தப்பாகத் தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098.

லேனுக்குள் முதல் வாரம்

முதல் நாள் முட்டிக்கொள்ளாத பிள்ளை கிடையாது. ஒரு லேனில் ஐந்தாறு பேர் வட்டமாகப் போவார்கள். ரோட்டில் நாம் இடது பக்கம் போகிறோம். லேனில் பெரும்பாலும் வலது பக்கம் போய், எதிர்ப்பக்கமாகத் திரும்ப வேண்டும். சில குளங்களில் மாற்றியும் வைத்திருப்பார்கள், கேட்டுக்கொண்டு இறங்கச் சொல்லுங்கள். முன்னால் போகிறவர் கிளம்பி 5 அல்லது 10 விநாடி கழித்து அடுத்தவர். முந்த வேண்டுமானால் முன்னால் இருப்பவரின் பாதத்தை ஒரு முறை தொட்டால், அவர் அடுத்த சுவரில் ஒதுங்கி வழிவிடுவார். நிற்கவேண்டி வந்தால் சுவரின் நடுவில் நிற்காமல் மூலையில் நிற்க வேண்டும். நடுவில்தான் மற்றவர்கள் திரும்புகிறார்கள்.

அடுத்தது கடிகாரம். குளக்கரையில் ஒரே முள் சுற்றும் பெரிய கடிகாரம் இருக்கும், அல்லது கோச் கையில் ஸ்டாப் வாட்ச். 'எட்டு ஐம்பது, ஒன்று பதினைந்தில்' என்றால், 50 மீட்டரை எட்டு முறை, 1 நிமிடம் 15 விநாடிக்கு ஒரு முறை கிளம்ப வேண்டும் என்று பொருள். முள் 60இல் இருக்கும்போது கிளம்பினால், அடுத்தது 15இல், அதற்கடுத்தது 30இல், 45இல், மறுபடி 60இல். 58 விநாடியில் நீந்தி வந்தால் 17 விநாடி ஓய்வு. சீக்கிரம் வந்தால் ஓய்வு கூடும், தாமதமாக வந்தால் குறையும். இந்தக் கணக்கை வீட்டில் ஒரு தாளில் எழுதிச் சொல்லிக்கொடுத்து அனுப்பினால், முதல் வாரக் குழப்பத்தில் பாதி தீர்ந்தது.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு ஒரு நாள் வேலை ஏறத்தாழ இப்படி: 200 மீட்டர் மெதுவாக, 25 மீட்டர் உதை ஆறு முறை, 25 மீட்டர் ஒற்றைக்கைப் பயிற்சி நாலு முறை, 50 மீட்டர் எட்டு முறை, 25 மீட்டர் முழு வேகத்தில் நாலு முறை, கடைசியில் 100 மீட்டர் தளர்வாக. மொத்தம் 1,050 மீட்டர், ஒரு மணி நேரம். முதல் வாரம் பாதியில் நிறுத்திவிட்டால் தப்பில்லை. வாரத்தில் இரண்டு நாள் வந்து மீதி நாள் டியூஷன் என்று போகிற பிள்ளையைவிட, பாதித் தூரமே நீந்தினாலும் ஐந்து நாளும் வருகிற பிள்ளை மூன்று மாதத்தில் முந்திவிடும். டியூஷன் நேரத்தை முதலிலேயே மாற்ற முடியுமா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.

டைவ் கோச் முன்னால் மட்டும். கரையில் உள்ள தொடக்கக் கட்டையிலிருந்து குதிக்க, சுவரை ஒட்டிய பகுதியில் குறைந்தது 1.35 மீட்டர் ஆழம் வேண்டும் என்பது சர்வதேச விதி. அதற்கும் குறைந்த ஆழத்தில் தலைகீழாகப் பாய்ந்தால் கழுத்து எலும்பு போகும். ஏப்ரல், மே மாதங்களில் சாயங்காலம் சேர்வராயன் மலைப் பக்கம் கருத்து, இடி கேட்டால் உடனே வெளியேற வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை இறங்கக் கூடாது. 'மழைதானே' என்று நீந்த விடும் இடம் சரியில்லை.

சாப்பாடு: முழுச் சாப்பாடு இரண்டு மணி நேரம் முன்பே முடிய வேண்டும். முக்கால் மணி முன்பு ஒரு வாழைப்பழம். தண்ணீருக்குள்ளும் வியர்க்கும், தெரியாது. அரை லிட்டர் பாட்டில் கரையில் இருக்கட்டும். முடித்து அரை மணிக்குள் பசி கொல்லும். அந்தப் பசியில் தட்டுவடை செட் கடைப் பக்கம் இழுப்பார்கள், ஒன்றும் குற்றமில்லை, ஆனால் அதையே உணவாக்க வேண்டாம். நம் மாவட்டத்தில் மலிந்து கிடக்கும் மரவள்ளிக்கிழங்கை அவித்து, கூட அவித்த வேர்க்கடலையோ முட்டையோ கொடுத்தால் கடையில் விற்கும் எந்தப் பவுடருக்கும் குறைந்ததில்லை.

ஏற்காட்டிலிருந்து வருகிறவர்கள்

மேலே விடுதிகளில் இருக்கும் குளங்கள் குளித்து மகிழ மட்டும்; லேன் போட்டு நீந்தும் நீளம் இருக்காது. ஏரி படகுக்கு மட்டும், நீந்த அல்ல. ஆக, மலையிறங்கித்தான் ஆக வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவு, ஏறத்தாழ ஒரு மணி நேரம். தினமும் நடக்காது. வார நாட்களில் இரண்டு, சனி ஞாயிறு இரண்டு என்று கோச்சிடம் பேசி, மீதி நாட்களுக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய கயிறு தாண்டல், பிளாங்க், இழுவை ரப்பர் பயிற்சி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டு வளைவுகளில் இறங்கிய பிள்ளை குளத்தில் வாந்தி எடுக்கும். இறங்கிய பிறகு ஏதாவது கொடுப்பதே மேல். திரும்பும்போது தலையை நன்றாகத் துவட்டி, ஸ்வெட்டர் போட்டுவிடுங்கள்; கீழே 35 டிகிரியாக இருந்தாலும் மேலே இரவு அப்படி இருக்காது. 'மலையில் வளர்ந்த பிள்ளை, நுரையீரல் பெரிசு' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு விடுங்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் அப்படிப் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை.

எந்த ஊர்ப் பிள்ளையானாலும், ஆடிப்பெருக்குக்கு மேட்டூர், பூலாம்பட்டி என்று காவிரிக்குப் போகும்போது கூடவே ஒரு பெரியவர் இருக்க வேண்டும். குளத்தில் 1,000 மீட்டர் நீந்துகிற பிள்ளைக்கு ஓட்டமுள்ள தண்ணீர் எப்படி இழுக்கும் என்று தெரியாது.

முதல் போட்டி

சேர்ந்து ஐந்தாறு மாதத்தில் கோச் பெயர் கொடுப்பார். முதல் முறை 50 மீட்டர் ஃப்ரீ ஸ்டைலும் இன்னொன்றும் போதும். நுழைவுப் படிவத்தில் இதுவரையிலான நேரம் கேட்பார்கள். ஸ்டாப் வாட்சில் எடுத்த உண்மையான நேரத்தை எழுதுங்கள். குறைத்து எழுதினால் வேகமான பிள்ளைகளின் ஹீட்டில் (ஒரே நேரத்தில் நீந்தும் குழுவில்) நடு லேனில் விழுந்து, முதல் 20 மீட்டரிலேயே தனியாகிவிடும்.

மாநில அளவில் என்றால் பெரும்பாலும் சென்னை வேளச்சேரி. ஏற்காடு எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடியற்காலை சென்னை. ஆனால் தூங்காத பிள்ளை காலை ஹீட்டில் கல்லாக மூழ்கும். முடிந்தால் முந்தைய நாள் பகலிலேயே போய்விடுங்கள். அங்கே 50 மீட்டர் குளம். 25 மீட்டர் குளத்தில் பழகிய பிள்ளைக்கு 100 மீட்டரில் மூன்று முறை சுவரை உதைத்துப் பாயும் வாய்ப்பு உண்டு; 50 மீட்டர் குளத்தில் ஒரே முறை. நேரம் சில விநாடி கூடத்தான் செய்யும். இதை முன்பே சொல்லி அழைத்துப் போங்கள், வந்து அழாமல் இருக்கும்.

ஹீட் அழைப்பு வந்ததும், பெயர் கூப்பிட்டு வரிசைப்படுத்தும் மார்ஷலிடம் போய் நிற்க வேண்டும். பெயர் கூப்பிடும்போது கழிப்பறையில் இருந்தால் போட்டி போனது போனதுதான். பிறகு விசில். தொடர்ந்து குட்டி விசில்கள் வந்தால் துண்டைக் கழற்றித் தயாராக வேண்டும். நீண்ட விசில் வந்தால் கட்டையில் ஏற வேண்டும். பேக் ஸ்ட்ரோக் (மல்லாந்து நீந்துவது) என்றால் தண்ணீரில் இறங்கி, இரண்டாவது நீண்ட விசிலுக்குச் சுவரைப் பிடிக்க வேண்டும். 'டேக் யுவர் மார்க்ஸ்' என்றதும் அசையாமல் குனிந்து, ஒலி கேட்டபின் பாய வேண்டும். ஒலிக்கு முன் பாய்ந்தால் இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

தகுதி இழப்பு எங்கே வருகிறது என்றால், பெரும்பாலும் சுவரில். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கிலும் பட்டர்ஃபிளையிலும் திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரண்டு கையும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். கடைசி ஒரு மீட்டரில் ஆசை வந்து ஒரு கையை நீட்டிவிடுவார்கள். பேக் ஸ்ட்ரோக்கை முடிக்கும்போது சுவரைத் தொடும்வரை மல்லாந்தே இருக்க வேண்டும். சுவருக்கு 5 மீட்டர் முன்னால் மேலே கொடி கட்டியிருப்பார்கள். கொடியிலிருந்து சுவருக்கு எத்தனை கைவீச்சு என்று அந்தக் குளத்தில் வார்ம்-அப்பின்போதே எண்ணி வைத்துக்கொண்டால் தலையில் இடி வாங்க வேண்டியதில்லை.

முடிவு ஒட்டியதும் நேரம், தேதி, குளத்தின் நீளம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி, அந்தப் பக்கத்தையே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நுழைவுப் படிவத்தில் நேரம் கேட்கும் கட்டத்தை நிரப்ப அதுதான் வேண்டும்.